வீட்டுக்கு இரண்டு

தர்மராஜின் நாய்களைப் பற்றி நகராட்சிக்கு மனு எழுதியவள் சாவித்திரி. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். இலவச கலர் டிவி வந்த வருஷம் அது. எல்லா வீட்டிலும் டிவி ஓடியது, ஆனால் நாய்களின் குரைப்பை மீறி அந்தத் தெருவில் ஒன்றும் காதில் விழாது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் செராமிக் கம்பெனிகளைத் தாண்டியதும் வலப்பக்கம் பிரிகிற தெரு அது. கடைசியில் ரயில்வே சுவரில் முட்டி நின்றுவிடும். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வழிதான். அந்த வழியின் முகப்பில், மூடிக்கிடந்த ஒரு பீங்கான் கம்பெனியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர் தர்மராஜ். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். எந்த ஊர் என்று கேட்டால், "பல ஊருல இருந்தாச்சுங்க" என்பார். பொம்மைகளைக் காயவைத்த கொட்டகையைத் தடுப்புத் தடுப்பாகப் பிரித்து, டாபர்மேன், ராட்வீலர் என்று பெரிய சாதி நாய்களாக வளர்த்துக் குட்டி விற்றார். நெய்வேலியிலிருந்தும் பண்ருட்டி முந்திரிக் கம்பெனிகளிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள்.

பூ விற்கும் காசியம்மாளை அந்த நாய்களில் ஒன்று சுவர் தாண்டி வந்து கெண்டைக்காலில் கடித்தது. தர்மராஜே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், ஊசிக்கெல்லாம் அவரே அலைந்தார். ஆனாலும் காசியம்மாளின் நடையில் அதன்பிறகு ஒரு சாய்வு வந்துவிட்டது. அந்த நடையைப் பார்த்துப் பார்த்துத்தான் சாவித்திரி மனு எழுத உட்கார்ந்தாள். அவள் செராமிக் கம்பெனி ஒன்றில் அச்சிலிருந்து வரும் பொம்மைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து விடும் வேலை பார்த்தாள். கணவன் இளவழகன் லோடு வண்டி ஓட்டுகிறவன். சரக்கு ஏற்றிக்கொண்டு சென்னை, பெங்களூர் என்று போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். மகள் யுவஸ்ரீ ஆறாவது படித்தாள். ஸ்கூல் விட்டு அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்கு வர வேண்டும்.

மனுவில் முதல் கையெழுத்து ரயில்வேயில் இருந்து ரிட்டையரான தங்கராசுவுடையது. இரண்டாவது காசியம்மாளுடையது. விடுபட்ட வீடு ஒன்றுகூட இல்லை.

வேறு தெருக்களிலிருந்தும் இதே மாதிரி புகார்கள் வந்திருந்தன போலும். சில மாதங்களில் நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு நாய்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது. வளர்க்கிற நாய்க்கு வீட்டுக்காரர் பெயரில் லைசென்ஸ் வாங்கிக் கழுத்தில் தகர வில்லை மாட்ட வேண்டும். பால் மறந்த குட்டியும் கணக்கில் சேரும். குடியிருக்கும் இடத்தில் நாய் வியாபாரம் கூடாது.

சுகாதார ஆய்வாளர் ராஜ்மோகன் நோட்டீஸ் கொடுக்க வந்த காலையில் சாவித்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தர்மராஜின் கேட்டருகே தங்கராசுவோடு அவளும் நின்று பார்த்தாள். தர்மராஜ் நோட்டீஸை நின்றபடியே முழுக்கப் படித்தார். ராஜ்மோகனுக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார்.

"சட்டம்னா சட்டந்தாங்க சார். நான் மாத்திப் பேச மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். வூட்டுக்கு ரெண்டு. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"எந்த வூடா இருந்தாலும்?"

"எந்த வூடா இருந்தாலும்."

தர்மராஜ் தலையை ஆட்டினார். பிறகு கேட்டுக்கு வெளியே நின்றிருந்த சாவித்திரியைப் பார்த்து, தெரிந்தவரைக் கோயிலில் பார்த்தால் கும்பிடுவதுபோல, இரண்டு கையையும் கூப்பினார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வேகமாக நடந்தாள்.

நோட்டீஸில் கொடுத்த கெடு முடிவதற்குள்ளேயே கொட்டகை அமைதியாகிவிட்டது. ராஜ்மோகன் வந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு நாய்கள் மட்டும் படுத்திருந்தன. கழுத்தில் வில்லை இருந்தது. மற்றதெல்லாம் வெளியே கொடுத்தாயிற்று என்றார் தர்மராஜ். தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. காசியம்மாள் ஒரு முழம் கதம்பத்தைச் சாவித்திரிக்குச் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த மாதந்தான் களவு ஆரம்பித்தது. அதுவரை தெருவில் அப்படி ஒன்று நடந்ததில்லை. தங்கராசுவின் சைக்கிள் காணாமல் போனது. காசியம்மாள் வீட்டுச் சமையலறைக் கதவை நெம்பி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். யார் வேலை என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை.

பத்து நாள் கழித்துச் சாவித்திரி வேலை முடிந்து வரும்போது தங்கராசு வீட்டு வாசலில் கறுப்பாக ஒன்று படுத்திருந்தது. அருகே போய்த்தான் நாய் என்று தெரிந்தது. அது எழுந்து நின்றது. குரைக்கவில்லை.

"என்னாண்ணே இது?"

தங்கராசு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தர்மராஜ் சும்மாத்தாம்மா குடுத்தாரு. சோறுகூட அவரே கொண்டாந்து போட்டுடறாரு. குட்டி போட்டா அவரு எடுத்துப்பாரு, நமக்கும் ஏதோ பாத்துச் செய்யறேன்னு சொல்றாரு. நான் ஒண்டிக்கட்டை. வயசாவுதுல்ல."

"நீங்கதானேண்ணே மொத கையெழுத்து போட்டீங்க."

"அது அவரு வூட்டுல அத்தினி நாயி இருக்கக் கூடாதுன்னு போட்டது. இது என் வூட்டு நாயி. லைசென்ஸு என் பேர்ல இருக்குது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக நாய் வந்தது. எப்போது வந்தது என்று யாரும் பார்த்ததில்லை. காலையில் பார்த்தால் ஒரு வாசலில் புதிதாக ஒரு சங்கிலி கிடக்கும். ஒரு நாள் காசியம்மாள் வீட்டுப் படியில் இரண்டு ராட்வீலர்கள் உட்கார்ந்திருந்தன. சாவித்திரிக்கு நம்ப முடியவில்லை.

"உன்னைக் கடிச்சுதேக்கா."

"அதான் வச்சுக்கிட்டேன்" என்றாள் காசியம்மாள், பூவைத் தொடுத்துக்கொண்டே. "நம்ம வூட்டு நாயா இருந்தா நம்மளக் கடிக்காதுல்ல."

தர்மராஜ் தினமும் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் எலும்புச் சோறு எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். அவர் நாய்க்குச் சோறு போடும்போது வீட்டுக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். போகச் சொல்லி அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாளாக ஆக அவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே போதும், தெரு முழுக்க எல்லா வாசலிலும் நாய்கள் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும்.

சாவித்திரி அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். ராஜ்மோகன் அவளை உட்காரச் சொன்னார். அவர் நேர்மையான மனிதர். அவள் சொல்வதை இடையில் பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் மூணு தடவ வந்து பாத்துட்டேங்கம்மா. ஒவ்வொரு வூட்டுலயும் ரெண்டுக்கு மேல இல்ல. எல்லாத்துக்கும் லைசென்ஸு இருக்குது. வூட்டுக்காரங்கள கேட்டா எங்க நாயிங்கறாங்க. குட்டி பால் மறக்கறதுக்கு முன்னாடியே வெளிய போயிடுது. தெருவுல விக்கறதில்ல. நான் எதுக்குன்னு நோட்டீஸ் குடுப்பேன்?"

"எல்லாம் அவரோட நாயிதான் சார். உங்களுக்கே தெரியுது."

ராஜ்மோகன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தெரியுது. போன தடவ வந்தப்ப வண்டிய நிறுத்திட்டு உங்க தெருவுல கால வச்சேன். ஒரு நாயும் குரைக்கல. எல்லாம் எந்திரிச்சு நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருக்குது. அந்த ஆளு கேட்டுகிட்ட நின்னு சிரிச்சாரு. அப்புறந்தான் அதுங்க உக்காந்துச்சு. இதை நான் எதுல எழுதறதுங்கம்மா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பர் சாமிக்கு முறையீட்டுச் சீட்டு எழுதிப் பிராது கட்ட உட்கார்ந்தாள். தன் பெயர், ஊர், எதிராளி பெயர் எல்லாம் எழுதினாள். அவர் என்ன குற்றம் செய்தார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. தர்மராஜ் யாரையும் திட்டியதில்லை. அவளைப் பார்த்தால் ஒதுங்கி வழி விட்டார். சட்டத்தை மீறவில்லை. வெகுநேரம் யோசித்து, "பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிக் கட்டிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இளவழகன் லோடு முடித்துத் திரும்பியிருந்தான். கூடத்தில் யுவஸ்ரீ சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு டாபர்மேன் நாய் தலை வைத்துப் படுத்திருந்தது. பொட்டை நாய். வயிறு கனத்திருந்தது.

சாவித்திரி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "இத யாரு கொண்டாந்தது?"

"நாந்தான்" என்றான் இளவழகன். "வாரத்துல பாதி நாளு நான் வூட்டுல இல்ல. நாயி இல்லாத வூடு இந்தத் தெருவுல நம்ம வூடு ஒண்ணுதான். அடுத்தது நம்ம வூட்டுலதானே ஏறுவானுங்க?"

"யாரு ஏறுவாங்க?"

அவன் தெருவின் முகப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அவனுக்கும் அது தெரியும் என்பது அவளுக்குப் புரிந்தது.

"அவரே வந்து கேட்டாரு" என்றான் கொஞ்சம் கழித்து. "உங்க வூட்டுல மட்டும் இல்லீங்களே, தங்கச்சி தனியா இருக்காங்களே, மனசு கேக்கலைன்னாரு. வேணாம்னு சொல்ல வாய் வரல சாவித்திரி. தெனமும் அவரு கேட்டத் தாண்டித்தானே நீயும் பாப்பாவும் போறீங்க."

அன்றைக்குச் சாவித்திரி சாப்பிடவில்லை. நாயைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள், சண்டை போட்டாள். இளவழகன் மறுநாள் விடியற்காலையிலேயே லோடு ஏறிப் போய்விட்டான். நாய் இருந்தது.

அது நல்ல நாய். அதுதான் சாவித்திரிக்குத் தாங்க முடியாமல் போனது. பின்கட்டில் அவள் பாத்திரம் கழுவும்போது ஈரத் தரையில் வந்து படுத்துக்கொள்ளும். கம்பெனியிலிருந்து வருகிறவளின் கையில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் களிமண்ணை நக்கிப் பார்க்கும். யுவஸ்ரீ அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தாள். ஒரு நாள் சாயங்காலம் வாளியோடு வந்த தர்மராஜ் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பேரு வைக்காத பாப்பா. பேரு வச்சா அதுக்குக் கொழப்பமாயிடும்."

"அப்ப எப்படிக் கூப்புடறது?" என்று யுவஸ்ரீ கேட்டாள்.

"நீ எதுக்குக் கூப்புடணும்?" என்று சிரித்தார் அவர்.

ஐப்பசி மழையில் சிட்டு நாலு குட்டி போட்டது. சாவித்திரி பழைய புடவையைக் கிழித்து விரித்தாள். கம்பெனியிலிருந்து வைக்கோல் கொண்டுவந்தாள். பீங்கான் சாமான் கட்டுவதற்கென்று வந்த வைக்கோல், கேட்டதும் கொடுத்தார்கள். நாலில் ஒன்று சவலை. பின்னங்கால் இழுத்தது. குட்டிகள் கண் திறந்ததும் தர்மராஜ் வந்து குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சவலைக் குட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இத நான் இப்பவே எடுத்துக்கறேங்க."

"அதுக்கு இன்னும் பால் குடி மறக்கலையே. எங்க கொண்டு போறீங்க?"

"கொட்டகைக்குப் பின்னாடி பழைய மண்ணு கரைக்கிற தொட்டி இருக்குது. மழையில ரொம்பிக் கெடக்குது" என்றார் அவர், தண்ணீர் எடுக்கப் போவதைச் சொல்வதுபோல. "கஷ்டப்படாம போயிடும். மத்ததுக்குப் பாலாவது மிஞ்சும்."

சாவித்திரி கையை நீட்டிக் குட்டியைப் பறித்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததில்லை. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது எங்க வூட்டு நாயி போட்ட குட்டி. லைசென்ஸு எங்க வூட்டுக்காரரு பேர்ல இருக்குது. ஒரு குட்டியும் குடுக்க மாட்டேன்."

தர்மராஜ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கில் ஒரு இடம் இடிக்கிறபோது யோசிப்பவரின் முகமாக இருந்தது அது.

"சரிங்க தங்கச்சி. உங்க இஷ்டம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

குட்டிகள் சோறு தின்னத் தொடங்கிய வாரம் ராஜ்மோகன் வாசலில் வந்து நின்றார். கையில் நோட்டீஸ் இருந்தது. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. தெருக்காரங்க எல்லாரும் சேர்ந்து மனு குடுத்திருக்காங்க. உங்க வூட்டுல பெருசு ஒண்ணு, குட்டி நாலு. மூணு அதிகமா இருக்குது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கொறைக்கணும்."

"எல்லாரும்னா?"

அவர் மனுவைக் காட்டினார். தங்கராசுவின் கையெழுத்து முதலில் இருந்தது. காசியம்மாளுடையது அதற்குக் கீழே. விடுபட்ட வீடு ஒன்றுகூட இல்லை, அவளுடையதைத் தவிர.

சாவித்திரி நேரே காசியம்மாள் வீட்டுக்குப் போனாள். படியில் ராட்வீலர்கள் எழுந்து நின்றதால் தெருவிலேயே நின்று கூப்பிட்டாள். காசியம்மாள் கதவுக்குப் பின்னால் இருந்தே பேசினாள்.

"ஒரு வூட்டால மொத்தத் தெருவுக்கும் லைசென்ஸு போயிடும்னாரு. அப்புறம் இதுங்களயெல்லாம் அவுத்து விட வேண்டியதுதான், நான் என்னா பண்ணட்டும்னு கேட்டாரு. அவுத்து விட்டா என்னாடி ஆவும்? யோசிச்சுப் பாரு."

"அவரா எழுதச் சொன்னாரு?"

"சொல்லலடி. அவரு எதையும் சொல்றதே இல்ல."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சாவித்திரி மறுநாள் காலை நாலு குட்டிகளையும் மூங்கில் கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி, கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனாள். தர்மராஜின் கேட்டைத் தாண்டும்போது கூடைக்குள் ஒரு குட்டி முனகியது. கேட்டில் யாரும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் குட்டிகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒன்று மங்கலம்பேட்டைக்குப் போயிற்று. சூளையில் வேலை பார்க்கிறவர் இரண்டை வாங்கிக்கொண்டார். சவலைக் குட்டியைச் சேத்தியாத்தோப்பிலிருந்து வேலைக்கு வரும் சண்முகப்ரியா மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று வீடு திரும்பும்போது சாவித்திரிக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வெறுங்கூடையை ஆட்டிக்கொண்டே நடந்தாள்.

சாயங்காலம் தர்மராஜ் வந்தார். வாளி கொண்டுவரவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். யுவஸ்ரீ தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சிட்டு அவள் முழங்காலில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. சாவித்திரி சமையலறையிலிருந்து சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குட்டிங்க எங்க?"

"கொறைக்கச் சொன்னாங்க. கொறைச்சுட்டேன்."

"சரிதான்." அவர் ஒரு மடக்கு குடித்தார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சின்னச் சத்தம் எழுப்பினார். பல்லி கத்துவதுபோல இருந்தது.

சிட்டு எழுந்தது. யுவஸ்ரீக்கும் சாவித்திரிக்கும் நடுவில் வந்து, யுவஸ்ரீயைப் பார்த்தபடி நின்றது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. காதுகள் மட்டும் விறைத்து நின்றன. யுவஸ்ரீ "சிட்டு" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அது அந்தப் பெயரைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. யுவஸ்ரீ நோட்டை மூடக் கையை நகர்த்தினாள். நாய் ஒரு அடி முன்னால் வைத்தது. அவள் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"அசையாத பாப்பா" என்றார் தர்மராஜ். "அசையாம இருந்தா ஒண்ணும் பண்ணாது."

மகளிடம் போக வேண்டுமானால் நாயைத் தாண்டிப் போக வேண்டும். அவர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். சொம்பு காலியாகும்வரை கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. யுவஸ்ரீயின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

காலிச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு அவர் எழுந்து, கையைத் தாழ்த்திக் காட்டினார். சிட்டு படுத்தது. படுத்து, பழையபடி யுவஸ்ரீயின் முழங்காலைத் தேடி முகத்தை வைத்தது. யுவஸ்ரீ காலை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"அடுத்த ஈத்துக்குப் பாத்துக்கலாங்க" என்றார் தர்மராஜ். "வரேன் தங்கச்சி."

இளவழகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் அப்போது ஆம்பூர் தாண்டி எங்கோ வந்துகொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நடந்ததையெல்லாம் கேட்டான். "விடிஞ்சதும் நாய வெளிய கொண்டு போயிடு. நான் மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்றான். அன்று சாவித்திரி மகளைத் தன்னோடு உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைத் தாழிட்டாள். வெளியே சிட்டு கதவை ஒரு தடவை கீறிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

காலையில் யுவஸ்ரீயை ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றிவிட்ட பிறகு, சிட்டுவின் கழுத்தில் கயிறு கட்டித் தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் நாய்கள் எழுந்தன. வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் பேசவில்லை. தங்கராசு மட்டும் இரண்டடி முன்னால் வந்தார். "வேணாம்மா. திரும்பிப் போயிடு" என்றார். அவள் நிற்கவில்லை. தெருவின் முகப்பில் தர்மராஜ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் நாக்கைத் தட்டிவிடுவார் என்று நினைத்து அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். சிட்டு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"போயிட்டு வாங்க" என்றார் அவர்.

அவ்வளவுதான். சிட்டு அவளோடு நடந்து வந்தது. நகராட்சியில் ராஜ்மோகன் லைசென்ஸை ரத்துச் செய்து வில்லையைக் கழற்றிக்கொண்டார். சண்முகப்ரியாவின் அண்ணன் சின்ன லோடு வண்டி ஒன்றைக் கொண்டுவந்து சிட்டுவை ஏற்றிச் சேத்தியாத்தோப்புக்குக் கூட்டிப் போனான். குட்டி ஒன்று அங்கே இருக்கிறது, தாயும் பிள்ளையும் சேர்ந்து இருக்கட்டும் என்றான். வண்டி கிளம்பும்போது சாவித்திரி அழுதாள். அழுதுவிட்டு வேலைக்குப் போனாள். அன்று பொம்மைகள் நிறைய வந்து குவிந்திருந்ததால், முடித்து வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது.

தன் வீட்டு கேட்டைத் திறக்கக் கொக்கியில் கை வைத்தபோதுதான் பார்த்தாள். உள்ளே முற்றத்தில் இரண்டு ராட்வீலர்கள் நின்றன. அவள் பார்த்தறியாத நாய்கள். சங்கிலி இல்லை. கழுத்தில் புது வில்லை மின்னியது. அவள் கை கொக்கியில் இருக்கும்வரை இரண்டும் அந்தக் கையையே பார்த்தன. கையை எடுத்தாள்.

"யுவஸ்ரீ" என்று கூப்பிட்டாள்.

ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. "அம்மா, அப்பா மத்தியானம் வந்தாராம். தர்மராஜ் மாமா கூட்டிட்டுப் போயி லைசென்ஸுக்குக் கையெழுத்து வாங்கினாராம். அப்பாவுக்கு அவசரமா லோடு வந்துடுச்சாம், போயிட்டாராம். ஸ்கூலு விட்டு வந்தப்ப மாமாதான் கூட வந்து என்னை உள்ள வுட்டாரு. வெளிய வராதன்னு சொன்னாரு."

"அங்கயே இரு. நான் வரேன்."

"வராதம்மா."

சாவித்திரி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லா வாசலிலும் ஆட்கள் இருந்தார்கள். காசியம்மாள் பூக்கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். தங்கராசு வாசல் விளக்கைப் போட்டார். ஒருவரும் அருகில் வரவில்லை. வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவரவர் வீட்டு நாய்க்கே அவர்கள் அந்நியர்கள்தானே.

தெருவின் முகப்பிலிருந்து தர்மராஜ் வந்துகொண்டிருந்தார். அவசரமில்லாமல், வழியில் ஒவ்வொரு நாயின் தலையையும் தொட்டுக்கொண்டே வந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றபோது அவர் சட்டையிலிருந்து நாற்றம் எதுவும் வரவில்லை, சோப்பு மணம்தான் வந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல பாப்பா தனியா இருக்குது" என்றார். "பசிக்குமில்ல. உள்ள போலாங்களா?"

சாவித்திரி ஜன்னலையே பார்த்தாள்.

"நான் சொன்னாத்தான் வுடும். புதுசுங்க, உங்கள தெரியாது." அவர் கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்னா சொல்றீங்க தங்கச்சி? நான் சொல்லட்டுங்களா?"

ஜன்னலில் யுவஸ்ரீயின் கை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தெரு முழுக்க ஒரு நாயும் குரைக்கவில்லை. கடலூர்ப் பக்கம் போகும் ரயில் சுவருக்கு அப்பால் தடதடத்துப் போய் முடியும்வரை சாவித்திரி நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவர் நாக்கைத் தட்டினார். நாய்கள் இரண்டும் விலகி வழிவிட்டன. அவள் உள்ளே நடந்தாள். பின்னால் கேட் சாத்தப்படும் சத்தம் கேட்டது. கொக்கியை மாட்டியவர் அவர்தான்.